மலைப்பாதையில் ஓடாத கார்

ஜனவரி 2, புதன்

மருந்துக்கடைக்காரர் கொடுத்த டயரி. கோடுகளை இத்தனை வெளிறலாக அச்சடித்தால் எவன் நேராக எழுதுவான்? அச்சுத் தொழில் வருஷத்துக்கு வருஷம் நாசமாகிக்கொண்டு வருகிறது.

மாலையில் ரயில் கிளப் கூட்டம். பதினொரு உறுப்பினர்கள். ரயிலைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன். முப்பத்தாறு வருஷம் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். தலைவர் ஜெயசீலன் வங்கி மேனேஜராக இருந்தவர். டிக்கெட் எடுத்து ஏறி உட்கார்ந்ததைத் தவிர ரயிலோடு அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் கூட்டத்துக்கு ரயில் கார்டு தொப்பி போட்டுக்கொண்டு வருகிறார்.

அறிவிப்பு: ரொசாரியோ மலையை பிப்ரவரி 17 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்போகிறோமாம்.

டெரன்ஸ் ரொசாரியோ இதே போத்தனூரில் சிக்னல் ஃபோர்மேனாக இருந்தவர். 1956இல் தொடங்கி எட்டு வருஷம் தன் வீட்டுப் பின்னறையில் ஒரு பொம்மை ரயில் உலகம் கட்டினார். பதினாலு அடி நீளம், ஆறு அடி அகலம். சாக்குத்துணியில் சுண்ணாம்பு பூசிய மலை, மூன்று குகை, ஒரு பாலம், அடிவாரத்தில் ஸ்டேஷன், கடைவீதி. அவருடைய பேத்தி ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது கிளப்புக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். துருப்பிடித்துக் கிடந்த தண்டவாளத்தையும் சிக்னல்களையும் நான்கு வருஷம் உட்கார்ந்து ஓட வைத்தவன் நான்.

ரொசாரியோ ரயிலோடு நிறுத்தியிருந்தால் அவரை மகான் என்றே சொல்வேன். மனிதர் மலைப்பாதையில் காரும் கடைவீதியில் பஸ்ஸும் 'ஓடுகிற மாதிரி' காட்டவும் ஆசைப்பட்டிருக்கிறார். அந்தப் பகுதி முப்பது வருஷமாகச் செத்துக் கிடக்கிறது. கிடக்கட்டும் என்றேன். ஜெயசீலன் கேட்கவில்லை. கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் விளக்குப் போடுகிற ஒரு அம்மாளை வரச் சொல்லியிருக்கிறாராம்.

ரயில் ஓடுகிறது. அது உண்மை. ஓடுகிற மாதிரிக் காட்டுவது கண்கட்டு வித்தை. அதற்குப் பொருட்காட்சி இருக்கிறது, கிளப் எதற்கு?

ஜனவரி 3, வியாழன்

டயாலிசிஸ் நாள். செவ்வாய், வியாழன், சனி. இந்த மாதத்தோடு இரண்டு வருஷம். காலை ஆறரைக்குப் புறப்பட்டு பதினொரு கிலோமீட்டர் நான்தான் ஓட்டுகிறேன். வாடகை வண்டிக்காரனை நம்பி என் மனைவியை ஏற்ற மாட்டேன்.

புனிதவதி ஒரு காலத்தில் அதிகம் பேசாத பெண். இப்போது காரில் ஏறியதும் வாய் ஓய்வதில்லை. "இடது பக்கம் மொபெட்டுங்க. முன்னால பஸ்ஸு நிக்குது. ஸ்பீடு பிரேக்கர் வருது. அந்தப் பாட்டி குறுக்கால வருதுங்க, மெதுவா." வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்பது போல இருக்கிறது.

"எனக்குக் கண்ணில்லையா? சும்மா வர மாட்டியா?" என்றேன்.

"வாய மூடிட்டு உக்காந்தா எனக்குத் தலை சுத்துதுங்க" என்றாள்.

நோயாளி. சகித்துக்கொள்கிறேன்.

ஜனவரி 6, ஞாயிறு

சீரியல் செட் அம்மாள் வந்தாள். பெயர் தாட்சாயணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருக்கிறாள், இடுப்பில் டெஸ்டர். வந்தவள் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் நேராக மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டாள். கால் மணி நேரம் கழித்து ஒட்டடையோடு வெளியே வந்து சிரித்தாள்.

"சார், இதப் பாருங்க! எங்கப்பா கோயிலுக்கு செட்டு போட்ட காலத்துல இதே மாதிரி உருளைதானுங்க. யானை தும்பிக்கைய ஆட்டுறது, தேர் ஓடுறது, எல்லாமே இதுலதான். யாருங்க இந்த ரொசாரியோ? எங்கூருத் திருவிழாவுக்கு வந்து பாத்துட்டுப் போயிருப்பாரு போலிருக்குது!"

விஷயம் இவ்வளவுதான்: ஒரு மர உருளை. அதன்மேல் சாய்வாகச் சுற்றிய பித்தளைத் தகடு. பக்கத்தில் வரிசையாக ஐம்பத்திரண்டு செம்புத் தகடுகள், ஒவ்வொன்றும் மலைப்பாதையில் புதைத்த மிளகளவு பல்பு ஒன்றுக்குப் போகிறது. பழைய கிராமபோன் மோட்டார் உருளையைச் சுற்றும். பித்தளை ஒவ்வொரு செம்பையும் தொட்டுக்கொண்டே போகும். பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். ஒரு கார் விளக்குப் போட்டுக்கொண்டு மலை ஏறுவதாகப் பார்ப்பவன் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதாவது கார் கிடையாது. ஓட்டமும் கிடையாது. நினைப்பு மட்டும். ஒரு ரயில்வே ஊழியர், அதுவும் சிக்னல் பிரிவுக்காரர், இதற்கு எத்தனை மாலைப் பொழுதுகளைச் செலவழித்திருப்பார் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 8, செவ்வாய்

காலையில் புறப்படும்போது வீட்டு கேட்டின் இடது தூண் வண்டியில் உரசிவிட்டது. கொத்தனார் கோணலாகக் கட்டியிருக்கிறான். பதினெட்டு வருஷமாக இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

ஜனவரி 13, ஞாயிறு

கடைவீதி வேலை இன்று முடிந்தது. அடியில் சைக்கிள் செயின் ஓடுகிறது. சாலையின் நடுவே தலைமுடி அகலத்துக்கு ஒரு பிளவு. அதன் வழியாக மேலே வந்த கம்பிகளில் மூன்று பஸ்கள். இதையாவது ஒப்புக்கொள்ளலாம். பஸ் நிஜமாகவே நகர்கிறது.

அடுத்ததுதான் கேவலம். கடைகளுக்குப் பின்னால் ஒரு தோல் பட்டை ஓடுகிறது. அதில் ஒட்டிய கார்கள் இரண்டு கடைகளுக்கு நடுவேயுள்ள சந்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியும். நாலு காரை வைத்துக்கொண்டு பெரிய ஊர்ப் போக்குவரத்தையே காட்டுகிறாராம் ரொசாரியோ.

"கடைக்குப் பின்னால காரு போயிட்டிருக்குதுன்னு நம்ம மனசு நெனைச்சுக்குதுங்க சார். தெரியாத எடத்த அதுவே போட்டு ரொப்பிக்கும்" என்றாள் தாட்சாயணி.

"என் மனசு அப்படியெல்லாம் ரொப்பிக்காதும்மா. இருக்கறது இருக்கு, இல்லாதது இல்லே" என்றேன்.

ஜெயசீலன் கைதட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எதற்கும் கைதட்டத் தெரியும்.

ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். ஆனால் சிறுநீரகத்துக்கு விடுமுறை ஏது? ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பதினொன்றரைக்குப் பானை வைத்தோம். பொங்கி வழிவதைப் பார்க்கப் புனிதாவுக்கு நிற்க முடியவில்லை. நாற்காலி போட்டுக் கொடுத்தேன். அரை ஸ்பூன் சாப்பிட்டாள்.

வழியில் ஜனங்கள் கோழிகளைப் போலக் குறுக்கே ஓடுகிறார்கள். எங்கிருந்து முளைக்கிறார்கள் என்றே தெரிவதில்லை. ஒரு நிமிஷம் சாலை காலியாக இருக்கிறது, மறு நிமிஷம் பானட்டுக்கு முன்னால் ஒருவன். இந்த ஊரில் யாருக்கும் சாலை கடக்கத் தெரியவில்லை.

ஜனவரி 20, ஞாயிறு

முழு ஒத்திகை. என் பயணிகள் ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைந்து, லூப் லைன் என்கிற பக்கத் தண்டவாளத்தில் நின்ற ஒரு வேகனில் மோதி, எஞ்சினும் இரண்டு பெட்டிகளும் கவிழ்ந்தன. எவனோ சொல்லாமல் கொள்ளாமல் வேகனை அங்கே நிறுத்தியிருக்கிறான்.

"காலைலேர்ந்து அங்கதானே நிக்குது, ஆறுச்சாமி? நீங்களேதான் நிறுத்துனீங்க" என்றார் ஜெயசீலன்.

பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டும். மற்ற ஒன்பது பேரும் அவர் சொன்னதற்குத் தலையாட்டினார்கள். தாட்சாயணி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 24, வியாழன்

புனிதாவுக்கு ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்க நேரமாயிற்று. நர்ஸுக்கு இருபது வயதுகூட இருக்காது. அழுத்திப் பிடிக்கச் சொன்னதே நான்தான். திரும்பும்போதும் வர்ணனைதான். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

ஜனவரி 27, ஞாயிறு

மாலை நாலு மணி. ஜன்னல்களில் கறுப்புத் துணி மாட்டி ஹாலை இருட்டாக்கினார்கள். மலைப்பாதையின் ஐம்பத்திரண்டு பல்பும் சரியாகிவிட்டனவாம். நான் வழக்கம்போல் ரயில் கண்ட்ரோல் பலகை முன்னால் நின்றேன்.

உருளை சுற்றும் சத்தம் கேட்டது. உடனே எல்லோரும் ஒரே குரலில் "ஆ!" என்றார்கள். யாரோ விசிலடித்தார்கள். "ஏறுது பாருங்க, வளைவுல திரும்புது பாருங்க!" என்று ஜெயசீலன் சின்னக் குழந்தையைப் போலக் கத்தினார்.

நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். அடிவாரத்தில் ஒரு பல்பு எரிந்தது. அணைந்தது. பிறகு இருட்டு. நான் தலையைத் திருப்பித் தேடியபோது வேறொரு இடத்தில் ஒரு பல்பு. அதுவும் அணைந்தது. அவ்வளவுதான்.

"ஒரு பல்பு எரியுது, அணையுது. இதுல காரு எங்கய்யா ஓடுது?" என்றேன்.

சிரித்தார்கள், நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து. தாட்சாயணி சிரிக்கவில்லை. இருட்டில் என் பக்கத்தில் வந்து நின்று, "இப்ப எங்க இருக்குதுங்க சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"முதல் வளைவுல."

"அது பாலத்தத் தாண்டி எவ்வளவோ நேரமாச்சே!" என்றார் ஜெயசீலன்.

அவள் விளக்கைப் போடச் சொன்னாள். என் எதிரே வந்து நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தாள்.

"என் மூக்கையே பாருங்க சார். எந்தப் பக்கம் வெரல் ஆடுது?"

"என்ன விளையாட்டு இது? எதுவும் ஆடலே."

"ரெண்டு பக்கமும் ஆட்டிட்டிருக்கறனுங்க."

அவள் கைகளை இறக்கினாள்.

"கம்பத்துல ஆளேத்தறதுக்கு முன்னால நா இதப் பாக்காம ஏத்த மாட்டனுங்க" என்றாள். "நீங்க பாக்கற ஒரு பல்பு மட்டும் தெரிஞ்சா அது வெறும் பல்புதானுங்க சார். அடுத்த பல்பும் ஓரத்துல சேந்து தெரிஞ்சாத்தான் அது ஓடும். தயவுசெஞ்சு கண்ணாஸ்பத்திரிக்குப் போங்க. நீங்க காரு வேற ஓட்டறீங்க."

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத வேண்டியதில்லை. எல்லோரும் கேட்டார்கள். அவள் அப்பாவையும் சேர்த்துச் சொன்னேன். அவள் டெஸ்டரை இடுப்பில் செருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டாள்.

ஜனவரி 28, திங்கள்

ராஜினாமாக் கடிதம் அனுப்பிவிட்டேன். இரண்டு வரி. பல்பு மாட்டுகிறவர்கள் வைத்தியம் பார்க்கிற கிளப்பில் எனக்கு வேலை இல்லை.

ஜனவரி 29, செவ்வாய்

டயாலிசிஸ். போகும்போது புனிதா, "கிளப்பு என்னாச்சுங்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். "லாரி" என்றாள். பார்த்தேன். லாரிதான்.

பிப்ரவரி 2, சனி

இன்று எழுதும் மனநிலை இல்லை. ஒரு பெண் வண்டியில் வந்து விழுந்துவிட்டாள்.

பிப்ரவரி 3, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காகப் பதிவு செய்கிறேன். எத்தனையோ விபத்து அறிக்கை எழுதியவன் நான்.

நேற்று டயாலிசிஸ் முடியும்போது புனிதாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. கால் மணி நேரம் படுக்க வைத்து அனுப்பினார்கள். காரில் ஏறியதும் சீட்டில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தூங்கட்டும் என்று விட்டேன். அமைதியாக இருந்தது.

பெட்ரோல் பங்க் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் நம் வீட்டுக்கு. இண்டிகேட்டர் போட்டேன். போட்டேன் என்பது உறுதி. இடது பக்கம் காலியாக இருந்தது. திரும்பினேன். தகரத்தை மிதித்தது போல ஒரு சத்தம். ஒரு மொபெட் காரின் முன் சக்கரத்தோடு சிக்கிக் கிடந்தது. சாலை முழுக்க ஜாக்கெட் துணிகள், சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக. அவற்றின் நடுவே ஒரு பெண் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை வளையக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது.

புனிதா விழித்துக்கொண்டு, "ஐயோ, தூங்கிட்டனே! நாந் தூங்கிட்டனே!" என்று கத்தினாள். திரும்பத் திரும்ப அதையேதான்.

அந்தப் பெண் பெயர் செல்வநாயகி. முப்பது வயதிருக்கும். வீட்டிலேயே தையல் வேலை. கூட்டம் கூடியது. போலீஸ்காரர் வந்தார். வண்டி எங்கிருந்தோ வந்து குறுக்கே புகுந்தது என்றேன். என் வயதையும், நான் ரயில்வேயில் இருந்ததையும், உள்ளே நோயாளி மனைவி இருப்பதையும் பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார்.

எங்கிருந்தோ வந்தாள். அது உண்மை.

பிப்ரவரி 5, செவ்வாய்

கார் பட்டறையில். ஆட்டோவில் போனோம். ஆட்டோக்காரர் தேவைக்கு மேல் ஹாரன் அடிக்கிறார். புனிதா போக பதினொரு கிலோமீட்டர், வர பதினொரு கிலோமீட்டர், ஒரு வார்த்தை பேசவில்லை.

பிப்ரவரி 6, புதன்

இன்னும் பேசவில்லை. சாப்பாடு போடுகிறாள். மருந்து கேட்டால் எடுத்துத் தருகிறாள். நான் என்ன குற்றம் செய்தேன் என்றாவது சொல்லலாம்.

பிப்ரவரி 7, வியாழன்

சொன்னாள். டயாலிசிஸ் கட்டிலில், கையில் இரண்டு ஊசியோடு. என்னால் எழுந்து போக முடியாது என்று தெரிந்துதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருப்பாள்.

"போன தீபாவளிக்கு முந்துன தீபாவளிலேர்ந்து எனக்குத் தெரியுமுங்க. சோத்துத் தட்டுக்கு இடது பக்கம் டம்ளர் வெச்சா தட்டி விட்டுர்றீங்க. வலது பக்கம் வெச்சாலும் அப்புடித்தான். நா இப்ப நேர் முன்னாலதான் வெக்கறேன். நீங்க அதயும் கவனிக்கல."

ஊசி குத்திய கையை அசைக்காமல் அவளே தொடர்ந்தாள்.

"சொன்னா எம்மேல எரிஞ்சு விழுவீங்க. எரிஞ்சு விழுந்துட்டு, வீம்புக்கு இன்னும் வேகமா ஓட்டுவீங்க. அதான், நாமளே பாத்துக்கலாம்னு பாத்துச் சொல்லிட்டு வந்தேன். எனக்கும் சொயநலந்தானுங்க. வேற யாரோ வண்டில போறதுக்கு எனக்கு மனசில்ல. இப்ப அந்தப் புள்ளயோட கை போச்சு. ரெண்டு பேருஞ் சேந்துதான் ஒடைச்சோம்."

இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் தூங்குவது போல நடித்தார். நன்றாக நடிக்கத் தெரியவில்லை.

பிப்ரவரி 8, வெள்ளி

கண்ணாஸ்பத்திரி. ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணம் போன்ற ஒரு குழிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு மஞ்சள் புள்ளி. அதையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது வெளிச்சம் மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும்.

வெகுநேரம் எதுவும் மின்னவில்லை. இயந்திரம் மட்டும் டக் டக் என்று வேலை செய்வது கேட்டது. ஒவ்வொரு டக்குக்கும் எங்கோ ஒரு வெளிச்சம் போட்டிருக்க வேண்டும் என்று யூகித்து அழுத்த ஆரம்பித்தேன். ஒரு சிக்னல்காரன் யூகித்து லீவரை இழுத்தால் அவன் சீட்டை அன்றே கிழித்திருப்பேன்.

டாக்டர் இளைஞர். தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெளிச்சம் போடாதப்பவும் நெறைய தடவ அழுத்தியிருக்கீங்க சார். மெஷின் அதையும் கணக்கெடுத்துக்கும். மறுபடியும் செஞ்சு பாத்துரலாங்களா?"

மறுபடியும் செய்தேன். இந்த முறை தெரிந்ததற்கு மட்டும் அழுத்தினேன். தாள் வந்தது. இரண்டு கண்ணுக்கும் இரண்டு வட்டம், இரண்டும் கறுப்பு. நடுவில் மட்டும் ஒரு சின்ன வெள்ளை. குகைக்குள் நுழைந்த எஞ்சினிலிருந்து வெளியே பார்ப்பது போல.

"கண்ணுல நீர் அழுத்தம். கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு ஓரத்துலேர்ந்து செத்துட்டே வருது. போனது திரும்பாது. இருக்கறதக் காப்பாத்தலாம்" என்றார். "எப்புடி இத்தன நாள் தெரியாம இருந்துச்சுன்னு கேப்பீங்க. இல்லாத எடம் கறுப்பாத் தெரியாதுங்க. மூளை அக்கம்பக்கத்த வெச்சு அதுவே ரொப்பிக்கும். ரோடு காலியா இருக்கற மாதிரியேதான் தெரியும்."

நான் கேட்கவேயில்லை. அவராகத்தான் சொன்னார்.

பிப்ரவரி 9, சனி

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன்.

டாக்டர் கணினியில் எதையோ தேடிவிட்டு, "உங்க பேர்ல இங்க பழைய ஃபைல் இருக்குதே சார். ரெண்டாயிரத்துப் பதினாறு, நவம்பர். இதே வியாதின்னு எழுதி சொட்டு மருந்து கொடுத்திருக்கோம். மூணு மாசத்துல வரச் சொல்லியிருக்கோம். நீங்க வரலியே?" என்றார்.

அப்போது இருந்தது ஒரு கிழ டாக்டர். கைராசி இல்லாதவர் என்று விட்டுவிட்டேன். இளைய டாக்டரிடம் இப்படித்தான் சொன்னேன்.

அந்த டிசம்பரில்தான் புனிதாவுக்குக் கால் வீங்கியது. ஜனவரியில் முதல் டயாலிசிஸ். ஒரு வீட்டில் ஒரு நோயாளிதான் இருக்க முடியும். மருந்து பாட்டில் பீரோவில் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. இன்று எடுத்துப் பார்த்தேன். மூடியைத் திறக்கவேயில்லை.

பிப்ரவரி 12, செவ்வாய்

டயாலிசிஸ் முடிந்து புனிதாவை வீட்டில் படுக்க வைத்துவிட்டு செல்வநாயகியைப் பார்க்கப் போனேன். இரண்டு தெரு தள்ளித்தான். ஒற்றை அறை வீடு. தையல் மெஷின்மேல் துணி போர்த்தியிருந்தது. வலது கை தோள்வரை கட்டு. அவளுடைய அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்கய்யா. உங்க வீட்டம்மாவுக்கு வேற உடம்பு சரியில்லையாமா. நாந்தான் அவசரத்துல குறுக்க வந்துட்டன் போலிருக்குது. நா நேராத்தான் போனதா நெனப்பு. ஆனா நீங்க பெரியவரு, ரயில்வேல இருந்தவரு, குறுக்க வந்துச்சுன்னு சொன்னீங்கன்னா சரியாத்தான இருக்கும்? எந் தப்புன்னே ஸ்டேசன்ல எழுதச் சொல்லி இடது கை ரேகை வெச்சுட்டனுங்க."

அம்மா டீ கொண்டுவந்தார். குடித்தேன். சர்க்கரை அதிகம். அதையாவது சொல்லலாம் என்று வாய்வரை வந்தது.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். இல்லாத காரை ஓட வைக்க ரொசாரியோவுக்கு ஐம்பத்திரண்டு பல்பு தேவைப்பட்டது. ஒருத்தி தன் கண்ணால் பார்த்த சாலையையே சந்தேகப்பட வைக்க எனக்கு ஒரு பல்புகூடத் தேவைப்படவில்லை.

பிப்ரவரி 14, வியாழன்

கண்ணாஸ்பத்திரியில் சொன்னதைப் புனிதாவிடம் சொன்னேன். பாட்டிலைப் பற்றியும் சொன்னேன். அவள், "எனக்கு வேண்டியா மறைச்சீங்க?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கௌரவமாக இருந்திருக்கும்.

"பாதி உனக்காக. பாதி வீம்பு" என்றேன்.

பிப்ரவரி 16, சனி

மாலையில் தாட்சாயணியின் பட்டறைக்கு நடந்து போனேன். பெரிய பலகையில் மயில் ஒன்றுக்கு பல்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவளையும் அவள் அப்பாவையும் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். அலுவலகக் கடிதம் போல இருந்தது. எனக்கு வேறு மாதிரிப் பேச வராது.

"கண்ணுக்குப் போனீங்களா?" என்றாள்.

"போனேன்."

"மருந்து போடறீங்களா?"

"போடறேன்."

"அப்பச் சரிங்க" என்றுவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பிப்ரவரி 17, ஞாயிறு

ரொசாரியோ மலை இன்று திறப்பு. போகவில்லை. நல்ல கூட்டமாம். ஜெயசீலன் போனில் அரை மணி நேரம் பேசினார். ரயில் இரண்டு முறை தடம் புரண்டதாம். என்னைத் தவிர வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது என்று நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 19, செவ்வாய்

டயாலிசிஸ் முடிந்ததும் ஆட்டோவை போலீஸ் ஸ்டேஷனுக்கு விடச் சொன்னேன். புனிதா ஆட்டோவிலேயே இருந்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் முதலில் புரிந்துகொள்ளவில்லை. புரிந்த பிறகு நாற்காலியைக் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், அந்தப் பொண்ணே தப்பு தன்னோடதுதான்னு எழுதிக் கொடுத்துருச்சு. எல்லாம் முடிஞ்ச மாதிரிதான். நீங்க எதுக்கு வலிய வந்து மாட்டிக்கறீங்க? வீட்லயும் உடம்பு சரியில்லைங்கறீங்க."

"அவ எழுதினது தப்பு. நான் சொன்னதால எழுதினது. திருத்துங்க."

எழுத்தரைக் கூப்பிட்டார். எழுத்தர் 'கவனக்குறைவால்' என்று தொடங்கினார். அந்தச் சொல்லை அடிக்கச் சொன்னேன்.

"கவனம் இருந்தது. பார்வை இல்லே. பார்வை இல்லேங்கறது ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும். தெரிந்தே ஓட்டினேன்னு எழுதுங்க."

எழுத்தர் பேனாவை நிறுத்திவிட்டு சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"'தெரிந்தே'ன்னு போட்டா கேஸ் வேற மாதிரி போயிருமுங்க சார். லைசென்ஸ் போறதோட நிக்காது. யோசிச்சுக்குங்க" என்றார் அவர்.

"போடுங்க."

எழுதி முடித்து என் முன்னால் வைத்தார்கள். முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய் வரிவரியாக, ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் விரலால் தேடிப்பிடித்துப் படித்தேன். நேராகப் போய்க்கொண்டிருந்தவள் செல்வநாயகி, இடித்தவன் ஆறுச்சாமி. சரி. வியாதியின் பெயரைச் சொல்லியிருந்தேன்: கண் நீர் அழுத்தம். எழுத்தர் 'கண்ணீர் அழுத்தம்' என்று எழுதியிருந்தார்.

தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். எழுத்தர் பேனாவை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தேன். ஆட்டோக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டாங்களா?" என்றாள் புனிதா.

"எழுதிட்டாங்க."

"முழுசாவுங்களா?"

"முழுசா."

அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து, எனக்கு இடம் விட்டாள்.